வேலையில்லா இளைஞர்களுக்கு மனநல ஸ்கிரீனிங்: வேலூர்ப் பக்கம் நடத்துபவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

நான் நடத்திய முதல் முகாமில், மனச்சோர்வு இருக்கிறதா என்று பார்க்கும் ஒன்பது கேள்வித் தாள்கள் 41 வந்தன. அரசுத் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள், ஒரு மாடி ஹால், நெருக்கியடித்த பெஞ்சுகள். "பேரு எழுத வேணாம், மனசு விட்டுப் பதில் போடுங்க" என்று சொல்லித் தாளைக் கொடுத்தோம். 20 நிமிடத்தில் திரும்ப வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். இரவு 11 மணிக்கு வீட்டில் உட்கார்ந்து கூட்டும்போது, ஒரு தாளில் 9ஆம் கேள்விக்கு நேராக 3 வட்டமிட்டிருந்தது. செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் அநேகமாகத் தினமும் வருகிறது என்று அதற்கு அர்த்தம். நீல மை. வட்டத்தை இரண்டு தரம் சுற்றியிருந்தான், அல்லது சுற்றியிருந்தாள். யார் என்று தெரிந்துகொள்ள வழியே இல்லை. பெயர் வேண்டாம் என்று சொன்னதே நான்தானே.

மறுநாள் காலை வகுப்பு தொடங்குமுன் போய் எல்லோரிடமும் பொதுவாகப் பேசினேன். கீழே டீக்கடையில் மூன்று நாள், சாயங்காலம் 5 முதல் 7 வரை இருப்பேன், யார் வேண்டுமானாலும் வரலாம் என்றேன். முதல் இரண்டு நாள் டீ குடித்ததுதான் மிச்சம். மூன்றாம் நாள் இரண்டு பேர் வந்தார்கள், தனித்தனியாக. எந்தத் தாள் உன்னுடையது என்று இருவரிடமும் கேட்கவில்லை. அந்த நீல மை யாருடையது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

இந்த வழிகாட்டியில் பாதி, அந்த ஒரு நாளில் செய்த தப்புகளைத் திருத்தி எழுதியது. ஊர் நூலகத்தில் வாசகர் வட்டம் நடத்துபவர், கோச்சிங் சென்டர் வைத்திருப்பவர், இளைஞர் மன்றத்துக்காரர், சமூகப்பணி படித்துவிட்டுக் களத்தில் இருப்பவர் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். மனநல மருத்துவர் ஆகவேண்டிய அவசியம் இல்லை. ஆனால் கேள்வித்தாள் கையில் இருக்கிறது என்பதற்காகவே முகாம் போட்டுவிடாதீர்கள்.

வேலை போனால் என்னென்ன போகிறது

1929-30 வாக்கில், ஆஸ்திரியாவில் வியன்னாவுக்குப் பக்கத்தில் மரியெந்தால் என்ற ஊரில் ஒரு நெசவாலை மூடப்பட்டது. ஊரே அதை நம்பித்தான் இருந்தது. மரி யஹோதா, பால் லாசர்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் ட்ஸைஸல் ஆகியோர் அங்கே போய் ஆராய்ந்து 1933இல் வெளியிட்டார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு, தெருவில் ஆட்கள் எவ்வளவு வேகமாக நடக்கிறார்கள் என்று பார்த்தார்கள். ஆண்களின் நடை தளர்ந்திருந்தது. நடுவில் நின்று நின்று போனார்கள். பெண்கள் அப்படி நிற்கவில்லை, வீட்டில் வேலை கிடந்தது. நாள் முழுக்க ஓய்வு இருந்தும் நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்துபோனது. வேலை என்பது சம்பளத்தோடு வேறு ஐந்தையும் தருகிறது என்று யஹோதா பிற்பாடு விளக்கினார். நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், நாலு பேரோடு சேர்ந்து செய்யும் காரியம், இன்னார் என்ற அடையாளம், சும்மா இருக்க விடாத ஓட்டம்.

நம்ம ஊரில் இதைப் பார்க்க ஆஸ்திரியா போக வேண்டாம். காலை 9 மணிக்குப் பையை மாட்டிக்கொண்டு நூலகத்துக்குக் கிளம்புகிறவர்களில், பக்கத்து வீட்டு அத்தை "இன்னாபா, வேலைக்கு எதுனா போறியா?" என்று கேட்பதிலிருந்து தப்பிக்கக் கிளம்புகிறவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள்.

வேலையில்லாதவர் என்று ஒரே கூட்டமாகவும் நினைக்காதீர்கள். குரூப் 4-க்கு நாலாவது வருடமாகப் படிப்பவர் வேறு. கம்மவான்பேட்டைப் பக்கம், வீட்டுக்கு வீடு பட்டாளத்துக்காரர் இருக்கும் ஊரில், விடிகாலை ஓடி ஓடிக் கடைசியில் வயசு தாண்டிப்போனவர் வேறு. அக்னிபத் திட்டத்தில் 21 தான் வரம்பு என்றபோது, அதற்காகவே இரண்டு மூன்று வருடம் ஓடியவனுக்கு ஒரே நாளில் காலடி நிலம் நழுவியது. பெங்களூரில் வேலை போய் ஊருக்குத் திரும்பியவரோ, லீவில் வந்திருக்கேன் என்று சொல்லிக்கொண்டு ஆறு மாதமாக இருப்பார். ராணிப்பேட்டை சிப்காட்டில் அப்ரண்டிஸ் முடிந்ததும் அனுப்பப்பட்ட ஐ.டி.ஐ. பையனுக்கும், ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் ஆர்டர் குறைந்தது என்று நிறுத்தப்பட்ட பெண்ணுக்கும் வலிக்கிற இடம் ஒன்றல்ல.

பெண்களைச் சொன்னேன். அவர்களை யாரும் வேலையில்லாதவர் பட்டியலில் சேர்ப்பதே இல்லை. "வீட்ல இருக்கா" என்பார்கள், அவ்வளவுதான். எம்.எஸ்சி. முடித்தவள் அடுப்படியில் நிற்கிறாள், பெண் பார்க்க ஆள் வருகிறது, உள்ளே என்ன ஓடுகிறது என்று கேட்பார் இல்லை. முகாமுக்குத் தானாக வருவதும் ஆண்கள்தான். அதனால் பெண்களை நாம்தான் தேடிப் போக வேண்டும்.

படி 1: அனுப்பும் இடத்தை முதலில் பாருங்கள்

கேள்வித்தாளை அச்சடிப்பதற்கு முன்பு செய்ய வேண்டியது இது. நெல்லைச் சலிக்க உட்காருமுன் சலித்ததைக் கொட்ட முறம் வேண்டுமல்லவா?

14416. இது டெலி மானஸ், 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். 2022 அக்டோபர் 10 முதல் இருக்கிறது. 104 தமிழக அரசின் சுகாதார உதவி எண். இரண்டுக்கும் நீங்களே ஒரு தரம் போன் போட்டுப் பாருங்கள். எந்தப் பொத்தானை அமுக்க வேண்டும், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று தெரிந்திருந்தால்தான் பயந்துபோன ஒருவனிடம் நிதானமாகச் சொல்ல முடியும்.

நேரில் என்றால், அடுக்கம்பாறையில் அரசு வேலூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆரணி ரோட்டில் பாகாயம் தாண்டிப் போனால் வரும். பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநல மையம். 1950களிலிருந்து நடக்கிறது. நோயாளியோடு வீட்டார் ஒருவரும் தங்கியிருந்து சிகிச்சையில் பங்கெடுப்பதை இந்தியாவில் ஆரம்பத்திலேயே பழக்கப்படுத்திய இடங்களில் ஒன்று. பேரைக் கேட்டதும் பையன்கள் பின்வாங்கினால், காட்பாடியிலிருந்து 1ஆம் நம்பர், 2ஆம் நம்பர் டவுன் பஸ் அங்கேதான் போகிறது, மருத்துவக் கல்லூரியும் அங்கேதான், பாகாயத்துக்கு டிக்கெட் எடுத்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள் என்று சொல்லுங்கள். இது சின்ன விஷயம் இல்லை.

இரண்டு இடத்துக்கும் ஒரு நாள் நீங்களே போங்கள். ஓ.பி. சீட்டு எந்த ஜன்னலில், எத்தனை மணி வரை, மனநலப் பிரிவு எந்த மாடி, என்ன செலவு என்று நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைப் பார்த்து, இன்ன தேதியில் முகாம் வைக்கிறோம், நாலைந்து பேரை அனுப்பலாமா என்று கேளுங்கள். இந்த ஒரு வாரம் அலையாமல் முகாம் போடுவதைவிட, போடாமல் இருப்பது மேல். உனக்குப் பிரச்சினை இருக்கிறது என்று சொல்லி நடுத்தெருவில் விடுவதற்கு ஒரு தாள் தேவையில்லை.

படி 2: இடமும் நேரமும்

வேலைவாய்ப்பு முகாமோடு சேர்த்து வைக்காதீர்கள். கூட்டம் தானாக வரும் என்று ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே வருகிறவன் கம்பெனிக்காரர் கண்ணில் நல்லபடியாகப் படவேண்டும் என்று வருகிறான். ஒன்பது கேள்விக்கும் பூஜ்யம் போட்டுவிட்டுப் போவான். போலீஸ், ராணுவத் தேர்வுக்குத் தயாராகிறவர்களிடம் இந்தப் பயம் இன்னும் கூடுதல். முடிவு எந்த கம்பெனிக்கும் எந்தத் தேர்வு வாரியத்துக்கும் போகாது என்று வாயால் சொல்வதோடு நிறுத்தாமல், தாளின் மேலேயே அச்சடித்துவிடுங்கள்.

நூலகத்தின் பின்னறை, பள்ளி மைதானத்து மரத்தடி, வாலிபால் ஆடும் இடம் எல்லாம் நல்ல இடங்கள். சித்திரை, வைகாசியில் பகலில் வைத்தால் நீங்கள்தான் மயங்கி விழுவீர்கள். வேலூர் வெயில் தெரிந்ததுதானே. சாயங்காலம் 5 மணிக்கு மேல் வையுங்கள். பெண்களுக்கு மகளிர் குழு கூடும் வீடு, கேட்பதற்கு ஓர் அக்கா. அண்ணன்மார் யாரும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கக் கூடாது.

ஒரு நாளைக்கு 12 பேருக்கு மேல் எடுக்காதீர்கள். 41 எடுத்தவன் சொல்கிறேன்.

படி 3: பெயர், சம்மதம், ரகசியம்

பெயருக்குப் பதில் ஓர் எண். ஆனால் அந்த எண்ணுக்கு நேராகப் பெயரும் போன் நம்பரும் எழுதிய தனி நோட்டு ஒன்று உங்களிடம் மட்டும் இருக்க வேண்டும். தாளும் நோட்டும் ஒரே பையில் போகக் கூடாது.

ஆரம்பிக்குமுன் இந்த நாலும் சொல்லியாக வேண்டும். இது பரீட்சை இல்லை. பிடிக்காத கேள்வியை விட்டுவிடலாம், எப்போது வேண்டுமானாலும் எழுந்து போகலாம். நீங்கள் சொல்வது என்னோடு இருக்கும். ஆனால் உயிருக்கு ஆபத்து என்று எனக்குத் தோன்றினால் ஒருவருக்கு மட்டும் சொல்வேன், அந்த ஒருவர் யார் என்று நீங்களே இப்போதே சொல்லுங்கள்.

கடைசி வரியை விழுங்கிவிடுகிற தன்னார்வலர்களைப் பார்த்திருக்கிறேன். அதைச் சொன்னால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று அவர்களுக்குப் பயம். என் அனுபவத்தில் நேர்மாறாகத்தான் நடக்கிறது. "எங்க பெரியம்மா பையன் அண்ணன்கிட்ட சொல்லுங்க, அப்பாக்கு மட்டும் வேணாம்" என்று ஒருவன் சொன்ன அந்த நொடியிலேயே அவன் வீட்டு நிலவரம் பாதி தெரிந்துவிட்டது.

18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றவர் சம்மதம் வேண்டும். சிகிச்சைக்குப் போனபின் ரகசியம் காப்பது 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி நோயாளியின் உரிமை. இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், தைரியம் வரும்.

படி 4: எந்தக் கேள்வித்தாள்

மூன்று போதும். மனச்சோர்வுக்கு பி.எச்.க்யூ-9, ஒன்பது கேள்வி, 2001இல் வந்தது. பதற்றத்துக்கு ஜி.ஏ.டி-7, ஏழு கேள்வி, 2006. குடிப்பவராக இருந்தால் உலக சுகாதார நிறுவனத்தின் ஆடிட், பத்துக் கேள்வி. முதல் இரண்டையும் யாரும் இலவசமாக, அனுமதி கேட்காமல் பயன்படுத்தலாம். இரண்டுக்கும் தமிழ் வடிவம் இருக்கிறது. நீங்களாக மொழிபெயர்க்காதீர்கள். ஜி.எச்.க்யூ-12 என்று இன்னொன்றும் உண்டு, ஆராய்ச்சிக்காரர்கள் நிறையப் பயன்படுத்துவது. உரிமம் வாங்க வேண்டும் என்பதால் நமக்கு வேண்டாம்.

நேரம் குறைவு என்றால் பி.எச்.க்யூ-9இன் முதல் இரண்டு கேள்வியை மட்டும் கேட்டு, கூட்டுத்தொகை 3 அல்லது அதற்கு மேல் வந்தவரிடம் மீதியைக் கேட்கலாம். ஆனால் இப்படிச் செய்தால், 3-ஐ எட்டாதவர்களிடம் 9ஆம் கேள்வி போய்ச் சேராது. அதனால் நான் ஒன்பதையும் கேட்டுவிடுவேன். ஐந்து நிமிடம்தான் கூடும்.

படி 5: கேட்கும் விதம்

தாளை நீட்டாதீர்கள். நீங்களே படித்து, நீங்களே வட்டமிடுங்கள். பட்டதாரிக்கும் இதே முறைதான்.

பி.எச்.க்யூ-9, ஜி.ஏ.டி-7 இரண்டிலும் எல்லாக் கேள்வியும் கடந்த இரண்டு வாரத்தைப் பற்றியது. இரண்டு வாரம் என்றால் யாருக்கும் நினைவில் நிற்காது. நான் கேட்பது இப்படி: "போன பௌர்ணமிக்கு கிரிவலம் பஸ்ஸெல்லாம் கூட்டமா போச்சே, அதுல இருந்து இன்னிக்கு வரைக்கும்." அமாவாசையை ஒட்டி முகாம் வைத்தால் கணக்குச் சரியாக வந்துவிடும். பதில் நாலு வகை. இல்லவே இல்லை என்றால் 0, சில நாள் 1, பாதி நாளுக்கு மேல் 2, அநேகமாகத் தினமும் 3.

பி.எச்.க்யூ-9இன் முதல் கேள்வி, எதிலும் ஆர்வமோ மகிழ்ச்சியோ இல்லாமல் போவது. "வேலை இல்ல, இன்னாத்துக்கு சந்தோஷம்?" என்று திருப்பிக் கேட்பார்கள். கேட்கட்டும். முன்பு பிடித்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு போங்கள். ஒரு பையனிடம் நடந்தது:

"மேட்ச் பாப்பியா தம்பி?"

"பாப்பேன்ணா. முன்னாடிலாம்."

"இப்போ?"

"போன்ல ஓடும். நான் வேற எங்கயோ பாத்துனு இருப்பேன்."

இது 2 அல்லது 3. ஆர்வம் குறைந்ததா என்று நேராகக் கேட்டபோது அவன் முதலில் சொன்ன பதில், "அதெல்லாம் இல்லணா, நல்லாதான் இருக்கேன்."

தூக்கத்தைக் கேட்கும்போது படுக்கும் நேரத்தையும் எழும் நேரத்தையும் தனித்தனியாகக் கேளுங்கள். விடிகாலை 3 மணி வரை போன் பார்த்துவிட்டு 11 மணிக்கு எழுபவன் எட்டு மணி நேரம் தூங்குகிறேன் என்பான். கணக்குச் சரிதான். வீட்டில் எல்லோரும் வேலைக்குக் கிளம்பும் காட்சியைப் பார்க்காமல் இருக்கத்தான் அவன் அந்த நேரத்தில் தூங்குகிறான் என்பது மூன்றாவது சந்திப்பில்தான் வெளியே வரும்.

ஆறாவது கேள்வி இடறும். நான் தோற்றுவிட்டேன், குடும்பத்துக்குத் தலைகுனிவு தேடித்தந்துவிட்டேன் என்ற எண்ணத்தைக் கேட்பது அது. வேலை தேடுகிறவர்களில் பெரும்பாலோர் இதற்கு 2, 3 போடுவார்கள். ஊரே அப்படிச் சொல்லும்போது அவர்களுக்குத் தோன்றாமல் இருக்குமா? இந்த ஒன்றை வைத்து நோய் என்றும் முடிவு கட்டாதீர்கள், எல்லோரும் சொல்வதுதானே என்று தள்ளியும் விடாதீர்கள். தூக்கம், பசி, ஆர்வம் மூன்றும் கூடவே சரிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

ஒன்பதுக்குப் பிறகு, மதிப்பெண் இல்லாத ஒரு கேள்வி தாளின் அடியில் இருக்கும். இந்தத் தொல்லைகளால் உங்கள் வேலை எவ்வளவு சிரமப்பட்டது என்று கேட்பது. வேலையில்லாதவனிடம் அதை அப்படியே படித்துப் பாருங்கள், முகம் எப்படிப் போகிறது என்று தெரியும். வீட்டு வேலை, நாலு பேரோடு பழகுவது என்று அந்தக் கேள்வியில் இருக்கும் மற்றதை மட்டும் கேளுங்கள்.

மனச்சோர்வு என்ற சொல்லை நம்மவர்கள் பேச்சில் எடுப்பது குறைவு. தலை பாரம், கை கால் ஓயுது, நெஞ்சு படபடங்குது, சாப்பாடு இறங்கல, கேஸ் டிரபிள் என்று உடம்பு வழியாகத்தான் வரும். வாலிபப் பையன்களுக்கு இன்னொன்றும் உண்டு. விந்து போகிறது, அதனால்தான் உடம்பு இளைக்கிறது, ஞாபகம் போகிறது என்று ஒரு பயம். பஸ் ஸ்டாண்டுச் சுவர் நோட்டீஸ்களும் இந்தப் பயத்தை வைத்தே பிழைக்கின்றன. வேலையும் இல்லாமல் கடன் வாங்கி லேகியத்துக்குக் கொட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள். அது இயல்பு, அதனால் பலம் போகாது என்று சொல்லிவிட்டு, தூக்கத்தையும் மனதையும் பற்றிக் கேளுங்கள். உள்ளே இருப்பது பெரும்பாலும் பதற்றம்.

படி 6: தாள் கேட்காததை நீங்கள் கேளுங்கள்

யாரும் இல்லாதபோது குரல் கேட்கிறதா, எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று தோன்றுகிறதா? பதின்வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும்தான் இவை பெரும்பாலும் தலைகாட்டும். ஆம் என்றால் மதிப்பெண் எதுவானாலும் மருத்துவரிடம் அனுப்பிவிடுங்கள். எப்போதாவது பல நாள் தூக்கமே இல்லாமல், களைப்பே தெரியாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில் செலவு செய்துகொண்டு இருந்தது உண்டா? இருந்தது என்றால் தாளின் ஓரத்தில் எழுதி அனுப்புங்கள். மருத்துவர் மாத்திரை தீர்மானிக்கும்போது அது அவசியம்.

பிறகு கடன். லோன் ஆப், ஆன்லைன் ரம்மி, வட்டிக்கு வாங்கியது. "வீட்டுக்குத் தெரியாம எதுனா கடன் இருக்கா தம்பி?" என்று ஒரு வரி. தலையைக் குனிந்தால் அங்கேயே கொஞ்ச நேரம் இருங்கள்.

படி 7: 9ஆம் கேள்வி

ஒருவர் நாற்காலியை விட்டு எழுமுன் 9ஆம் கேள்வியின் பதிலைப் பாருங்கள். 1 இருந்தாலும் பேசாமல் அனுப்பக் கூடாது. தற்கொலை பற்றிக் கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்ற நம்பிக்கை தவறு. கேட்பதால் எண்ணம் வருவதில்லை, பலருக்கு மூச்சு விட்ட மாதிரி இருக்கிறது.

சுற்றி வளைக்காமல், குரலைத் தாழ்த்தி, வரிசையாகக் கேளுங்கள். செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா, அல்லது உயிரை விட்டுவிடலாம் என்றே தோன்றுகிறதா? எப்படி என்று யோசித்தது உண்டா? எப்போது என்று மனதில் இருக்கிறதா? அதற்கு ஏதாவது ஏற்பாடு செய்தாயா? முன்பு எப்போதாவது முயற்சி செய்தது உண்டா? செத்துப்போனால் தேவலை, உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தோடு மட்டும் நின்றால், அந்த வாரத்துக்குள் மருத்துவர், ஆரம்பத்தில் அவர் சொன்ன அந்த ஒருவருக்குத் தகவல், 14416 அவர் போனிலேயே பதிவு. எப்படி அல்லது எப்போது என்பது வரை போய்விட்டது என்றால், ஏற்பாடு ஏதாவது செய்திருக்கிறார் என்றால், அல்லது முன்பு முயற்சி நடந்திருக்கிறது என்றால், அன்றைக்கே, நீங்கள் கூடவே, அவசரப் பிரிவுக்கு. தனியாக விடாதீர்கள், கழிவறைக்குப் போனாலும் வாசலில் ஒருவர் நிற்கட்டும். அந்த ஒருவருக்குப் போன் போட்டு, வீட்டில் நிலத்துக்கு வாங்கி வைத்த பூச்சிமருந்து இருந்தால் உடனே வேறிடத்துக்கு எடுத்துப்போகச் சொல்லுங்கள். அந்த வேகம் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடும். அந்த நேரத்தில் கைக்கு எட்டாமல் இருப்பதே உயிரைக் காக்கும்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று வீட்டார் தயங்குவார்கள். 2017ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115ஆம் பிரிவு, முயற்சி செய்தவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. இதை ஒரு சீட்டில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். நடு இரவில் நினைவுக்கு வராது.

படி 8: மதிப்பெண்ணைப் படிப்பது

பி.எச்.க்யூ-9 மொத்தம் 27. நாலு வரை பெரிதாக ஒன்றும் இல்லை. 5 முதல் 9 வரை லேசானது, 10 முதல் 14 நடுத்தரம், 15 முதல் 19 சற்றே கடுமை, 20உம் அதற்கு மேலும் கடுமை. ஜி.ஏ.டி-7இல் 5 தொட்டால் லேசானது, 10 நடுத்தரம், 15 கடுமை. ஆடிட்டில் 8 தொட்டாலே பேச வேண்டியிருக்கிறது என்று பொருள்.

இப்போது ஒரு கணக்கு. உங்கள் முகாமுக்கு வந்த 100 பேரில் 15 பேருக்கு உண்மையிலேயே மனச்சோர்வு நோய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 என்ற கோட்டை வைத்தால், பி.எச்.க்யூ-9 நோய் உள்ளவர்களில் சுமார் 88 சதவீதத்தினரைப் பிடிக்கும், அதாவது 13 பேர். இரண்டு பேர் நழுவுவார்கள். நோய் இல்லாத 85 பேரிலும் 15 சதவீதத்தினருக்குக் கோட்டைத் தாண்டும், அதாவது இன்னொரு 13 பேர். ஆகக் கோட்டைத் தாண்டிய 26 பேரில் பாதிப் பேருக்குத்தான் நோய். அதனால்தான் உனக்கு டிப்ரஷன் என்று நீங்கள் சொல்லக் கூடாது. நான் சொல்வது: "இந்த ரெண்டு வாரத்துல உன் மேல பாரம் கொஞ்சம் அதிகமாத்தான் இருக்கு. எதனாலன்னு ஒரு டாக்டர் பாத்தா தேவலை. ரத்தம்கூட எடுத்துப் பாப்பாங்க." தைராய்டோ ரத்தசோகையோ இருந்தாலும் இதே அசதி வரும் என்பதால் அந்தக் கடைசி வரி பொய்யும் இல்லை.

படி 9: அனுப்புவது

சீட்டு எழுதிக் கொடுத்தால் போக மாட்டார்கள். முதல் தடவை கூடவே போங்கள். என்னால் முடியாத நாளில், முன்பு இப்படிப் போய்த் தேறிய ஒருவனை அனுப்புகிறேன். அவன் என்னைவிட நன்றாகப் பேசுகிறான்.

வீட்டில் மூன்று தடை வரும். மாத்திரை பழக்கமாகிவிடும் என்பார்கள். மனச்சோர்வு மாத்திரை போதை மாத்திரை இல்லை, பலன் தெரியவே இரண்டு முதல் நாலு வாரம் ஆகும், தேறியதும் தானாக நிறுத்தாமல் மருத்துவரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். செய்வினை, கண்ணேறு என்பார்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ போவதைத் தடுக்காதீர்கள். "கயிறும் கட்டிக்கட்டும்மா, மாத்திரையும் போடட்டும்" என்றால் எந்த அம்மாவும் மறுத்ததில்லை. மூன்றாவதை அப்பாக்கள் சொல்வார்கள்: "ஒரு வேலை வாங்கிக் குடுங்க சார், எல்லாம் சரியாப்பூடும்."

இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. பாதி உண்மைதான். வேலை கிடைத்து ஒரே மாதத்தில் முகம் மாறிய பையன்களைப் பார்த்திருக்கிறேன். வேலையின்மையை நோயாக்கி மாத்திரை கொடுத்து மூடிவிட்டால் அது அயோக்கியத்தனம். ஆனால் 18 மதிப்பெண்ணில் இருப்பவனால் இன்டர்வியூவுக்குச் சட்டை தேய்த்துக்கொண்டு கிளம்பவே முடியாது. அழைப்பு வந்தும் படுக்கையை விட்டு எழாதவனை, திமிர் என்று ஊர் பேசும். அவன் எழுந்து நிற்கும் வரை சிகிச்சை, அதன் கூடவே வேலை தேடல். இரண்டையும் நாம்தான் சேர்த்துப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

படி 10: 5 முதல் 9 வரை வந்தவர்கள்

முகாம்களில் எனக்கு அதிகம் வருவது இவர்கள்தான். 9ஆம் கேள்விக்கும் படி 6 கேள்விகளுக்கும் இல்லை என்றவர்களுக்கு மருத்துவர் வேண்டாம், ஆனால் சும்மா விடவும் கூடாது. யஹோதா சொன்ன ஐந்தையும் வேலை இல்லாமலே கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கொண்டுவரப் பாருங்கள். எழும் நேரத்தை மட்டும் முதல் வாரம் நிலைப்படுத்தினால் போதும். இரண்டாவது வாரம், வீட்டுக்கு வெளியே தினமும் ஒரு மனிதரைப் பார்க்கும்படி ஒரு காரியம். கிரவுண்டாக இருக்கலாம், நூலகத்தில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதாக இருக்கலாம். அப்படிச் சொல்லிக்கொடுக்கப் போன ஒருத்தியைப் பிள்ளைகள் "மிஸ்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவள் அம்மாவும் அக்கம்பக்கத்தில் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிவைப் புதுப்பித்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். அங்கே போட்டித் தேர்வுக்கு இலவசப் பயிற்சி உண்டு. பதிந்து ஐந்து வருடம் ஆகி, குடும்ப வருமான வரம்புக்குள் இருந்தால் உதவித்தொகையும் உண்டு. பட்டதாரிக்கு மாதம் 600 ரூபாய். அதை வைத்து என்ன செய்வது என்று கேட்காதீர்கள். போன் ரீசார்ஜுக்கு அப்பாவிடம் கை நீட்டாமல் இருக்கலாம்.

படி 11: 14ஆம் நாள்

எல்லோருக்கும், 2 மதிப்பெண் வாங்கியவருக்கும்கூட, இரண்டு வாரம் கழித்துப் போன் போட வேண்டும். நோட்டில் அந்தத் தேதியை அன்றே எழுதிவிடுங்கள். ஆறு மாதத்துக்குப் பிறகு, சிகிச்சையில் இருப்பவர்கள் தவிர மற்றவர்களின் தாள்களையும் நோட்டையும் எரித்துவிடுங்கள். பழைய பேப்பர்காரரிடம் போடாதீர்கள், பொட்டலம் மடிக்க எங்கே போகும் என்று யாருக்குத் தெரியும்.

போனில் "வேலை கிடைச்சுதா?" என்று ஆரம்பிக்காதீர்கள். அதைக் கேட்க ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள். "சாப்டியா? நேத்து எத்தினி மணிக்குப் படுத்த?" என்று தொடங்கி, முதல் இரண்டு கேள்வியையும் 9ஆவதையும் மறுபடி கேளுங்கள். எடுக்கவில்லை என்றால் சாயங்காலம் ஒரு தரம், மறுநாள் காலை ஒரு தரம். அப்போதும் எடுக்கவில்லை என்றால், முதல் நாள் அவர் சொன்ன அந்த ஒருவருக்குப் போன் போட்டுவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள்.